யாரைப் பார்த்து வாலாட்டினார் ஆபீசர்

நான் ஊர் சுற்றக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. பேருந்து பகல் பன்னிரண்டு மணிக்கு. பத்தரைக்கு நான் முதுகில் பையும் கையில் கண்ணாடித் தொட்டியுமாக மூன்றாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தேன். தொட்டிக்குள் ஆபீசர் இருந்தார்.

ஆபீசர் ஒரு பல்லி. சுவரில் ஓடும் சாம்பல் நிறப் பல்லி இல்லை. வளர்ப்பதற்கென்றே விற்கிற, மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட, சுவரேறத் தெரியாத தரைப்பல்லி. ஒரு சாண் நீளம். பகல் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் நிமிஷம் பிசகாமல் எழுந்து வருவதால் அப்பாதான் அந்தப் பெயரை வைத்தார். வைத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கு மரியாதைப் பன்மைதான். அம்மாகூட “ஆபீசர் சாப்பிட்டாரா?” என்று கேட்டுவிட்டுத்தான் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுவார்.

எங்கள் வீடு முதல் மாடியில். மூன்றாம் மாடியில் அத்தை. அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டால் “நேரம் வரல, நானும் தேடிப் போகல” என்பதோடு முடித்துவிடுவார். கதவைத் திறந்தவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏண்டி சக்கரம், கடைசியில உன் ஆபீசரை என் தலையில கட்டிட்டுப் போறியா?”

என் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று சொல்லிச் சொல்லி, சக்கரம் என்பதே என் பெயராகிவிட்டது.

“ஆறே மாசம் அத்தை.”

“உன் ஆறு மாசம் எனக்குத் தெரியாதா? பால் வாங்கப் போய் ரெண்டு மணி நேரம் கழிச்சு வெறுங்கையோட வந்தவ நீ.”

இரண்டு பக்கம் எழுதிவைத்திருந்த குறிப்பைக் கொடுத்தேன். எத்தனை மாவுப்புழு, எந்தெந்தக் கிழமை, விளக்கு எப்போது, தண்ணீர் எப்போது. அத்தை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒப்பந்தப் பத்திரம் படிப்பதுபோல் முழுவதும் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது. இந்த வகைப் பல்லி கொழுப்பைச் சேமிப்பது வாலில். வால் தடித்திருந்தால் நலம், மெலிந்தால் ஆபத்து.

உள்ளே போய்ச் சிவப்பு நூல் எடுத்துவந்தார். நான் ஆபீசரைக் கையில் பிடித்துக்கொள்ள, வாலின் தடித்த இடத்தைச் சுற்றி அளந்து, நூலில் ஒரு முடிச்சு போட்டார்.

“நீ வர்றப்ப இந்த முடிச்சுக்குக் குறையாம ஒப்படைக்கிறேன். போ.”

அத்தை இப்படிச் சொன்னால் அதற்கு எடை உண்டு. அவர் வேலை செய்வது ஒரு போட்டோ ஸ்டூடியோவில், பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில். இருபத்தாறு வருஷம். ரசீதில் ‘மாலை 4 மணி’ என்று எழுதிக் கொடுத்தால், நான்கு மணிக்குப் படம் உறையில் போட்டுத் தயாராக இருக்கும். யாராவது மூன்றரைக்கு வந்து “ஆச்சா, ஆச்சா” என்று நின்றால் ஒரே பதில்தான்: “இன்னும் நாலு மணி ஆகல.” ஒரு முறை மின்சாரம் போய், பக்கத்துக் கடை ஜெனரேட்டரிலிருந்து ஒயர் இழுத்து, மூன்று ஐம்பத்தெட்டுக்குப் படத்தைக் கையில் கொடுத்திருக்கிறார். முதலாளி அதை இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்வார், தானே செய்தது போல.

பாஸ்போர்ட் படத்துக்குச் சிரிக்கக் கூடாது, வாய் மூடியிருக்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், பின்னால் வெள்ளை, நிழல் விழக் கூடாது. அத்தையின் வேலையே ஜனங்களின் முகத்திலிருந்து எல்லாவற்றையும் துடைத்தெடுப்பதுதான்.

“சிரிப்பையோ அழுகையையோ மூஞ்சியில இருந்து துரத்தினா அது எங்கயும் போயிடாது. தோளுக்கு வரும். அங்கயும் இடமில்லைன்னா கால் கட்டைவிரலுக்குப் போகும்” என்பார்.

அதனால் அத்தை முகத்தைப் பார்ப்பதில்லை. தோளைப் பார்ப்பார், ஸ்டூலைப் பிடித்திருக்கிற கையைப் பார்ப்பார், குனிந்து செருப்பைப் பார்ப்பார். ஒருநாள் தூரதேச வேலைக்குப் போகிற ஒருவர் உட்கார்ந்தார். முகம் வெள்ளைத்தாள் மாதிரி. ஆனால் இரண்டு கையும் ஸ்டூலைக் கப்பல் கயிற்றைப் போலப் பிடித்திருந்தன, கழுத்து தோளுக்குள் புதைந்திருந்தது. வாசலில் ஒரு பெண் வேறு எங்கோ பார்த்தபடி நின்றிருந்தார். “நீங்க இங்க வந்து என் பக்கத்துல நில்லுங்கம்மா” என்று அவரைக் கேமராவுக்குப் பின்னால் நிற்க வைத்தார் அத்தை. கை தளர்ந்தது, தோள் இறங்கியது, படம் சரியாக விழுந்தது.

என்னைப் படம் எடுக்கும்போது சொன்னது: “நீ உட்கார்றப்பவே பாதி எழுந்து நிக்கிற. முழுசா உட்காரு, அப்புறம் ஓடு.”

இந்த அத்தையிடம்தான் ஆபீசர் போனார்.

முதல் இரண்டு வாரம் எல்லாம் குறிப்பில் எழுதியபடி நடந்தது. அதற்கப்புறம் அத்தைக்குக் கண் உறுத்தத் தொடங்கியது. படம் எடுப்பவருக்குப் பின்னணி சரியில்லை என்றால் அப்படித்தான். தொட்டிக்குப் பின்னால் பெயின்ட் உரிந்த சுவர், ஒரு பிளக்கு, இரண்டு ஒயர். “இவ்வளவு லட்சணமா இருக்கிறவரை இப்படியா உட்கார வைக்கிறது?” நகைகளைப் படம் எடுக்க ஸ்டூடியோவில் வைத்திருந்த கறுப்பு வெல்வெட் துணியில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிவந்தார். தொட்டியின் பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் மூடும்படி வெளியிலிருந்து ஒட்டினார். விளக்கையும் மாற்றி, நல்ல பளிச்சென்ற ஒன்றைப் பொருத்தினார்.

ஸ்டூடியோவிலிருந்து வந்து, முகம் கழுவி, ஆறு மணிக்கு விளக்கைப் போட்டதும் ஆபீசர் தங்கக் கட்டி போல மின்னினார் என்று சொல்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. ஆபீசர் நான்கு காலையும் ஊன்றி எழுந்தார். முதுகை வில் போல வளைத்தார். வாலை முழுவதுமாகத் தூக்கி, பாம்பு தண்ணீரில் போவதுபோல் இடமும் வலமுமாக மெதுவாக ஆட்டினார்.

அத்தை முதல் மாடிவரை கேட்கும்படி கூப்பிட்டார். “டேய் தம்பி! ஓடி வா! ஆபீசர் வாலாட்டுறார்டா!”

அப்பா ஓடினார். அம்மா கரண்டியோடு ஓடினார்.

“வாயில்லா ஜீவன் அண்ணி, ஆனா பாருங்க, யார் சோறு போடுறாங்கன்னு தெரியுது” என்று சொல்லும்போதே அம்மாவுக்குக் கண் கலங்கியதாம்.

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு மூன்றாம் மாடியில் கூட்டம். அப்பா அலுவலகத்திலிருந்து நேராக மேலே போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அத்தை தினம் ஒரு படம் எடுத்தார். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் ஆபீசர், பின்கண்ணாடியில் அவருடைய பிம்பம், தூக்கிய வால். எனக்கும் அனுப்பினார். ஒரு படத்தின் கீழே எழுதியிருந்தார்: “ரெண்டு ஆபீசர். ஒருத்தருக்குத்தான் சாப்பாடு.” எங்கோ ஒரு படகுத்துறை வரிசையில் நின்றபடி நான் சிரித்தேன். “சூப்பர் அத்தை, வாலாட்டுறாரா! என்கிட்ட ஒருநாளும் ஆட்டினதில்லையே” என்று பொறாமையோடு பதில் போட்டேன். இரண்டு பக்கக் குறிப்பு எழுதிய எனக்கு வாலாட்டம் என்றால் என்னவென்று தெரியவில்லை. எழுதாமல் விட்ட மூன்றாவது பக்கம் அதுதான்.

வெல்வெட் ஒட்டிய மூன்றாவது வாரம் ஆபீசர் சாப்பாட்டைக் குறைத்தார். நான்காவது வாரம் நிறுத்தினார்.

இடுக்கியில் புழுவை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அத்தை வண்ணமீன் கடைக்காரரைக் கேட்டார். அவர் வேறு புழு கொடுத்தார். அதையும் தொடவில்லை. விளக்குச் சூடு, தண்ணீர், மணல், எல்லாவற்றையும் என் குறிப்போடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவப்பு நூலை எடுத்து வாலைச் சுற்றினார். சுற்றி முடித்த பிறகும் முடிச்சுவரை ஒரு விரல் அகலம் நூல் மிச்சம் இருந்தது.

அந்த வாரம்தான் அத்தை தன் வாழ்க்கையிலேயே செய்த ஒரே கள்ளவேலையைச் செய்தார். எனக்குப் பழைய படங்களை அனுப்பத் தொடங்கினார். நான் ஒவ்வொன்றுக்கும் இதயம் போட்டேன்.

சனிக்கிழமை காலை ஆபீசரைக் காற்றோட்டத்துக்குத் துளையிட்ட பால் நிறப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, அப்பாவையும் கூட்டிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனார். வைத்தியர் இளவயசுக்காரர், இரண்டு கையிலும் பூனை பிராண்டிய கோடுகள்.

“உண்மையைச் சொல்லிடறேன்மா. நான் தினமும் பார்க்கிறது நாயும் பூனையும்தான். இவங்க வருஷத்துக்கு ரெண்டு பேர் வந்தா அதிகம்” என்றார். ஆனால் சோம்பலில்லாமல் பார்த்தார். வாய், வயிறு, நகம், எல்லாம். எச்சத்தையும் சோதித்தார். பூச்சி இல்லை, புண் இல்லை. தராசில் வைத்தார். நாற்பத்தாறு கிராம்.

“நோய்னு எதுவும் எனக்குத் தெரியல. பத்து நாள் பார்ப்போம். நாற்பதுக்குக் கீழ இறங்கினா குழாய் வச்சுத்தான் ஊட்டணும். இந்த உடம்பு அதைத் தாங்குமான்னு என்னால சொல்ல முடியல.”

அப்பா டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். “வீட்ல எப்படி வாலாட்டுவார் தெரியுமா டாக்டர்? இங்க பாருங்க, வால் தரையை விட்டு எழும்பல.”

“தெம்பு குறைஞ்சிருக்கும் சார்.”

அத்தை குனிந்தார். டப்பாவின் விளிம்புக்குக் கண் வரும்வரை குனிந்தார். டப்பாவுக்குள் ஆபீசர் முழங்கையை மடக்கி, வயிறு தரையில் படிய, தாடையைக் கீழே வைத்துப் படுத்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது. தொண்டை நிதானமாக ஏறி இறங்கியது. நாக்கை நீட்டிக் காற்றை இரண்டு முறை நக்கிப் பார்த்தார்.

“தம்பி, தோள் இறங்கியிருக்குடா.”

“யாருக்கு?”

“ஆபீசருக்கு.”

அப்பா வைத்தியரைப் பார்த்தார். “டாக்டர், எங்க அக்காவுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்க.”

வைத்தியர் சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை. ஃபிளாஷ் அடித்து முடிந்து, “ஆச்சு, எழுந்திரிக்கலாம்” என்று சொன்ன பிறகுதான் ஸ்டூலில் இருப்பவர்கள் அப்படி உட்காருவார்கள். முன்பின் தெரியாத இடம், மருந்து வாசனை, கூண்டுக்குள் நாய்க் குரைப்பு. அங்கே ஒருவர் தளர்ந்து உட்காருகிறார். தினமும் சோறு போடுகிற வீட்டில் விறைத்து நிற்கிறார். அப்படியானால் தொல்லை வீட்டில்தான் இருக்கிறது. என்ன தொல்லை?

முதலில் கூட்டத்தை நிறுத்தினார். ஆறு மணிக்கு யாரும் மாடிக்கு வரக் கூடாது என்று உத்தரவு. ஆபீசர் வாலைத் தூக்கினார். அடுத்த நாள் வானொலியை நிறுத்தினார். வாலைத் தூக்கினார். சமையல் வாசனையோ என்று இரண்டு நாள் கீழே எங்கள் வீட்டில் சாப்பிட்டார். வால் எழுந்தது, புழு அப்படியே கிடந்தது. எடை நாற்பத்துமூன்று.

அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அண்ணி, பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமே. நாளைக்கு ஏதாவது ஆயிட்டா…”

“இன்னும் நாலு மணி ஆகல” என்றார் அத்தை.

எட்டாவது நாள் மாலை அப்பா தாங்க முடியாமல் உத்தரவை மீறி மேலே வந்துவிட்டார். அப்பாவுக்கு ஆபீசர் மேல் உயிர். கவலை வந்தால் அப்பாவுக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். அத்தை இடுக்கியில் புழுவோடு நின்றிருந்தார். விளக்கு எரிந்தது. ஆபீசர் எலும்பும் தோலுமாக எழுந்து, நான்கு காலில் நிமிர்ந்து, மெலிந்த வாலைத் தூக்கி ஆட்டத் தொடங்கினார்.

அப்பா வெடித்துவிட்டார். “ஒரு புழுவைத் தின்னத் தெம்பில்ல, இதுக்கு மட்டும் எங்கிருந்து வருது? யார்கிட்டடா வாலாட்டுற நீ?”

அத்தையின் கை அப்படியே நின்றது.

“என்னடா சொன்ன?”

“கோவத்துல ஆபீசரை டா போட்டுட்டேன்க்கா, மன்னிச்சுக்கோ.”

“அதில்லடா. மறுபடி சொல்லு.”

“யார்கிட்ட வாலாட்டுறன்னு…”

“அதான். யார்கிட்ட?”

நாய் வாலாட்டினால் அன்பு. ஆனால் ‘யார்கிட்ட வாலாட்டுற?’ என்று தெருவில் ஒருவர் இன்னொருவரிடம் கேட்டால் அடுத்து சட்டைக் காலரில் கை விழும். ஒரே சொல்லுக்கு நம்மிடம் இரண்டு அர்த்தம் இருக்கிறது. நாற்பது நாளாக எல்லோரும் நாயின் அர்த்தத்தையே எடுத்துக்கொண்டு கண் கலங்கியிருக்கிறோம். கோபத்தில் அப்பா வாயில் வந்து விழுந்தது மற்றது.

அத்தை இடுக்கியை வைத்துவிட்டு, அதுவரை அச்சடித்து வைத்திருந்த படங்களையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். முப்பத்தோரு படம். தன் வாழ்க்கையில் அத்தை அதிகம் சொன்ன வாக்கியம் ‘இங்க பாருங்க’ என்பதுதான். ஒரு கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. வரிசையாகப் பார்த்தார். வால் கீழே இருக்கும் படங்களில் ஆபீசர் எங்கெங்கோ பார்க்கிறார். வால் தூக்கிய படம் ஒன்றில்கூட அத்தையைப் பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் பின்பக்கம். இல்லையென்றால் பக்கவாட்டு.

“நம்மகிட்ட இல்லடா தம்பி. இவர் நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் வாலாட்டுறார்.”

தரையில் மண்டியிட்டு, ஆபீசரின் கண் மட்டத்துக்குத் தலையைச் சாய்த்தார். வைத்தியரின் மேஜையில் செய்தது போலவே. உள்ளே பளிச்சென்ற விளக்கு. வெளியே கறுப்பு வெல்வெட். பின்கண்ணாடியில் இன்னொரு மஞ்சள் பல்லி, அதே உயரம், அதே கோபம், அதே தூக்கிய வால். அதற்கும் பின்னால் அத்தையின் முகமே தெரிந்தது.

தலையில் அடித்துக்கொண்டார். “நான்தான்டா. நான்தான் இவ்வளவும் பண்ணி வச்சிருக்கேன். பின்னாடி கறுப்பு, உள்ள வெளிச்சம். கண்ணாடி கண்ணாடியா ஆயிடும்னு எனக்குத் தெரியாதா? ஷோகேஸ்ல படம் மாட்டுறப்ப தினமும் இதோட மல்லுக்கட்டுறவ!”

“என்னக்கா சொல்ற? கண்ணாடி கண்ணாடியாத்தானே இருக்கும்?”

“தொட்டிக் கண்ணாடி, மூஞ்சி பார்க்கிற கண்ணாடி ஆயிடுச்சுடா! தினமும் ஆறு மணிக்கு இவர் வீட்டுக்குள்ள எவனோ ஒருத்தன் வந்து நிக்கிறான். கிட்ட வராதேன்னு இவர் வாலைத் தூக்கினா, அவனும் தூக்குறான். விரட்ட விரட்டப் போக மாட்டேங்குறான். மூணு பக்கமும் நிக்கிறான். யாருக்குடா சோறு இறங்கும்?”

அப்பா மேஜையிலிருந்த படம் ஒன்றைக் கையில் எடுத்தார். பின்னால் மங்கலாக நின்ற அந்த இன்னொருவனை நாங்கள் எல்லோரும் நாற்பது நாளாகப் பார்த்து, அழகு அழகு என்று சொல்லியிருக்கிறோம்.

வெல்வெட் அந்த நிமிஷமே கிழிந்தது. அதன் இடத்தில் என்ன ஒட்டுவது என்று அத்தை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இருபத்தாறு வருஷமாகச் சோறு போட்ட பொருள் அலமாரியில் சுருளாக இருந்தது: பாஸ்போர்ட் படத்துக்குப் பின்னால் தொங்குகிற, மினுமினுப்பு இல்லாத வெள்ளைத் தாள். மூன்று பக்கமும் ஒட்டி, பளிச் விளக்கைக் கழற்றிப் பழையதையே மாட்டினார். மறுபடி மண்டியிட்டுப் பார்த்தார். பிம்பம் இல்லை.

அப்பா மெதுவாகச் சொன்னார்: “இப்ப ஆபீசருக்கு விசா கிடைச்சிடும்க்கா.”

முதல் நாள் வால் எழவில்லை. சாப்பிடவும் இல்லை. ஆபீசர் தொட்டியை மூலை மூலையாக நக்கிக்கொண்டே சுற்றி வந்தார், பூட்டு சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்ப்பவர் போல. இரண்டாம் நாள் தட்டைக் கல்லின் மேல் கைகால் பரப்பிப் படுத்தார். தோள் இறங்கியிருந்தது. எடை நாற்பத்தொன்று. மூன்றாம் நாள் மாலை மூன்று பேரும் தொட்டி முன்னால் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை இடுக்கியில் புழுவை இறக்கினார். அது நெளிந்தது.

ஆபீசர் தலையைத் திருப்பினார். உடம்பைத் தாழ்த்தினார். வால் அசைந்தது.

“ஐயோ, மறுபடி ஆரம்பிச்சுட்டார் அண்ணி!” என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

“பேசாதே. இது வேற” என்றார் அத்தை. அவர் குரல் நடுங்கியதாக அப்பா சொல்வார், அத்தை ஒப்புக்கொள்ள மாட்டார். “வால் முழுசும் ஆடல பாரு. நுனி மட்டும்.”

நுனி மட்டும், கிலுகிலுப்பை போலப் படபடவென்று துடித்தது. உடம்பு தரையோடு தரையாக இருந்தது. கண் புழுவின் மேல். ஒரு பாய்ச்சல்.

அப்பா எழுந்து நின்று கை தட்டியதில் நாற்காலி பின்னால் விழுந்தது. இரண்டாம் மாடிக்காரர் கதவைத் திறந்து, “யாருக்காவது குழந்தை பிறந்திருக்கா?” என்று கேட்டாராம். “எங்க ஆபீசர் சாப்பிட்டுட்டார்!” என்று அம்மா படியில் நின்று கத்தியிருக்கிறார். அன்றைக்கு மட்டும் மூன்று புழு. மூன்றுக்கும் நுனி ஆடியது.

மறுநாள் காலை எனக்கு ஒரு செய்தி வந்தது. நான் அப்போது ஏதோ ஊரில் துணி துவைக்கும் கடையில் இயந்திரம் நிற்பதற்காகக் காத்திருந்தேன். திரை முழுக்க நீளமாக எழுதியிருந்தார். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுக் கடைசியில்: “பழைய போட்டோ அனுப்பி உன்னை ஏமாத்தினேன். வந்து திட்டு. இன்னிக்கு எடுத்தது இது.” வெள்ளைப் பின்னணியில் ஆபீசர். நேராகக் கேமராவைப் பார்க்கிறார். இரண்டு காதுத் துளையும் தெரிந்திருந்தால் விண்ணப்பத்திலேயே ஒட்டியிருக்கலாம். நான் துணியை எடுக்க மறந்து வெளியே நடந்துபோய்விட்டேன்.

சாப்பிடத் தொடங்கிய பத்தாவது நாள் வைத்தியர் ஆபீசரை எடை போட்டார். நாற்பத்தேழு. அத்தை சொன்னதைக் கேட்டார், பரப்பி வைத்த படங்களைப் பார்த்தார், பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“நான் எல்லாம் கேட்டேன்மா. என்ன சாப்பாடு, என்ன சூடு, என்ன மருந்து. பின்னாடி என்ன நிறம்னு கேட்கத் தோணலையே.”

“நீங்க போட்டோ எடுக்கிறதில்லையே சார்” என்றார் அத்தை.

ஆபீசரின் உடம்பு சொல்வதையெல்லாம் படமாகப் போட்டுத் தரும்படி வைத்தியர் ஒரு உதவி கேட்டார். அடுத்த வாரமே அத்தை ஒரு தாள் தயார் செய்து கொடுத்தார். பாஸ்போர்ட் அளவில் எட்டுப் படம். எட்டெட்டாக வெட்டித்தான் அவருக்குப் பழக்கம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி, ஆபீசரே பேசுவதுபோல. முதுகை வளைத்து வாலைத் தூக்கிய படத்துக்குக் கீழே ‘கிட்ட வராதே’. நாக்கு வெளியே இருந்ததற்கு ‘யார் வந்திருக்காங்கன்னு பார்க்கிறேன்’. கண்ணாடியில் காலைத் தேய்த்து நிமிர்ந்து நின்றதற்கு ‘இங்க இருக்கப் பிடிக்கல’. நிறம் வெளுத்திருந்ததற்கு ‘தோல் மாத்தப் போறேன், கூப்பிடாதே’. அத்தையின் கையில் தாடையை வைத்துப் படுத்ததற்கு வரி எதுவும் இல்லை. அத்தைக்கு அதற்கு வார்த்தை கிடைக்கவில்லை. அந்தத் தாள் இப்போதும் அந்த வைத்தியசாலையில் தராசுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன்.

என் ஆறு மாசம், ஒரு வருஷம் நான்கு மாசமாகி முடிந்தது. நேராக மூன்றாம் மாடிக்குப் போனேன். அத்தை கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்தார்.

“மறுபடி கிளம்பப் போறேன்னு இருக்கு. சரி, உள்ள வா.”

கைப்பையிலிருந்து சிவப்பு நூலை எடுத்தார். அத்தனை மாசமும் அதைத் தூக்கிக்கொண்டே ஸ்டூடியோவுக்குப் போய்வந்திருக்கிறார். ஆபீசர் தானாகவே அவர் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தார். நூலை வாலைச் சுற்றிக் கொண்டுவந்தார். முடிச்சு எட்டவில்லை. இன்னும் இழுத்தார். எட்டவில்லை. வால் முடிச்சைவிடத் தடித்திருந்தது.

“நாலு மணி ஆச்சா?” என்றார் அத்தை.

“ஆச்சு அத்தை.”

நான் கையை நீட்டினேன். ஆபீசர் என்னைப் பார்த்தார். நிமிர்ந்தார். முதுகு வளைந்தது. வால் முழுவதும், மெதுவாக, இடமும் வலமுமாக எழுந்தது. அத்தை சிரித்த சிரிப்பில் அப்பா கீழேயிருந்து ஓடி வந்தார். “யார்கிட்ட வாலாட்டுறார்னு இந்தத் தடவை சந்தேகமே இல்ல!”

ஆபீசர் மூன்றாம் மாடியிலேயே இருக்கிறார். நான் கேட்கவும் இல்லை.

நான் வந்த பிறகு ஒரு மாலை அத்தைக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. நானும் பக்கத்தில் இருந்தேன். வைத்தியரிடமிருந்து எண் வாங்கிய யாரோ ஒரு பெண். எந்த ஊர் என்றுகூடச் சொல்லவில்லை, அழுகைதான் கேட்டது. பையன் ஆசையாக வளர்க்கிற பல்லி மூன்று வாரமாகச் சாப்பிடவில்லையாம், ஆனால் நன்றாக வாலாட்டுகிறதாம்.

“அழாதீங்கம்மா. தொட்டிக்குப் பின்னாடி என்ன ஒட்டியிருக்கீங்க?” என்று கேட்டார் அத்தை. பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தால் மணி அடிக்கவேயில்லை. பணம் கட்டி, வாங்க வராத படத்தின் உறை மாதிரி அந்தக் கேள்வி அத்தையிடமே தங்கிவிட்டது. வாரக்கணக்கில் போனை எடுத்து எடுத்துப் பார்த்தார். பிறகு பார்ப்பதை நிறுத்தினார், நான் அடுத்த பயணத்துக்கு மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தேன், முழுசாக உட்காரும்படி மறுபடி திட்டு வாங்கினேன்.

ஏழு மாசம் கழித்து, ஸ்டூடியோவில் கூட்டமான ஒரு நேரத்தில், அத்தையின் போன் ஒருமுறை அதிர்ந்தது. படித்தவர் ஸ்டூலில் இருந்தவரிடம் “ஒரு நிமிஷம், நீங்க சிரிச்சுக்கோங்க” என்று சொன்னாராம். அந்த ஸ்டூடியோவில் அதற்கு முன்னால் யாரும் அந்த வாக்கியத்தைக் கேட்டதில்லை. பிறகு எனக்கு அதை அப்படியே அனுப்பினார்:

“அம்மா, அன்னிக்கு போன் தண்ணில விழுந்துடுச்சு, உங்க நம்பர் இப்பதான் டாக்டர்கிட்ட மறுபடி கிடைச்சுது. நீங்க கேட்ட கேள்வி மட்டும் காதுல விழுந்துச்சு. நீலக்கலர் பளபள தாள் ஒட்டியிருந்தோம். அன்னிக்கே கிழிச்சுட்டோம். நாலாவது நாள் சாப்பிட்டுட்டான். நுனி மட்டும்தான் ஆடிச்சு.”